பூ இல்லாத மாதம்

தப்பில்லை சம்பந்தியம்மா. நீங்கள் மட்டுமில்லை, இந்த வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லோருமே என்னை வேலைக்கு வந்தவள் என்றுதான் நினைப்பார்கள். வீட்டில் யாரும் இல்லையா என்று என்னிடமே கேட்டீர்கள். நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சட்டென்று வாயில் வரவில்லை. நான் நாச்சிமுத்துவுக்கு அக்கா. பாவாத்தாள். உங்கள் வீட்டுக்கு வரப்போகிற கிருத்திகாவுக்கு அத்தை.

உப்புச்சர்க்கரை மாற்றி உறுதி செய்த அன்றைக்கு நீங்கள் என்னைப் பார்த்திருக்க முடியாது. தோட்டத்தில் இருந்தேன். வைகாசி மாதம், மல்லி கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டால் பூவை யார் பறிப்பது? நானேதான் சொன்னேன், நீங்கள் இருந்து பாருங்கள், நான் போகிறேன் என்று. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். இருக்கச் சொல்லவில்லை என்பது வேறு.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். நாச்சிமுத்து பூவை எடுத்துக்கொண்டு சத்தி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறான். நீங்கள் வருகிற நாளில் வீட்டு ஆம்பிளை இல்லாமல் இருப்பது மரியாதை இல்லைதான். பறித்த பூவை வைத்துக்கொண்டு யாருக்கும் காத்திருக்க முடியாது, அதுதான் சங்கதி. தம்பி சம்சாரம் சாவித்திரியும் கிருத்திகாவும் தோட்டத்தில் இருக்கிறார்கள். இன்றைக்கு என்னை மட்டும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டான். "அக்கா, நீயே பேசீரு. நீ சொன்னா அவங்க தட்டமாட்டாங்க" என்றான். நான் சொன்னால் ஏன் தட்டமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் சொன்னான். இந்த நேரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. கை என்னவோ போல இருக்கிறது.

வாசனை நன்றாக வருகிறது என்கிறீர்களா? இருக்கும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தை ஆவணியில் வைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். பையனுக்கு மஸ்கட்டில் அப்போதுதான் லீவு கிடைக்கிறது. முடிந்த கையோடு கிருத்திகாவையும் கூட்டிக்கொண்டு போக எண்ணம். எல்லாம் தம்பி சொன்னான். ஆவணி வேண்டாம், தைக்குத் தள்ளி வையுங்கள் என்று நான் உங்களிடம் கேட்க வேண்டும். தைக்குப் பையன் வர முடியாதென்றால் அதற்கடுத்த ஆவணி. ஒரு வருஷம்தானே. அதைக் கேட்கத்தான் என்னை உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கோபப்படாதீர்கள். ஏனென்று சொல்கிறேன். இது இந்த வீட்டில் புதிதில்லை. கேட்டால் உங்களுக்கே நியாயம் தெரியும்.

இது முதலில் பூந்தோட்டமே இல்லை. சோளமும் கடலையும் விதைத்துக்கொண்டிருந்த மேட்டாங்காடு. அப்பாதான் ராமேஸ்வரத்துப் பக்கம் கோயிலுக்குப் போன இடத்தில் மல்லியைப் பார்த்துவிட்டு, சாக்கில் பதியன் கட்டிக்கொண்டு வந்தார். சென்னியப்பன் என்று பேர். ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். "கவுண்டருக்குத் தலையில பூ வெக்கோணும்னு ஆசை வந்துருச்சாட்ட இருக்குது" என்று டீக்கடையில் பேசினார்களாம். அப்பா அவர் பாட்டுக்குச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். செடி பூத்ததும் சிரித்தவர்களே பதியன் கேட்டு வாசலில் நின்றார்கள். அவர்களுக்கும் கொடுத்தார். இன்றைக்கு இந்த வழியில் நீங்கள் பஸ்ஸில் வரும்போது இரண்டு பக்கமும் பார்த்திருப்பீர்களே, எல்லாவற்றுக்கும் தாய்ச்செடி எங்கள் தோட்டத்தில்தான் இருந்தது.

மல்லிக்கு ஒரு காலம் உண்டு. பங்குனியில் பிடித்து ஆனி வரைக்கும் கொட்டும். பிறகு குறைந்துகொண்டே போகும். கார்த்திகை முடிந்து கவாத்து செய்துவிட்டால் செடி மொட்டையாக நிற்கும். அந்தப் பனி மாதங்களில்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அம்மா எங்களைச் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். விடிந்த பிறகு எழுந்திருப்போம். வெளிச்சம் வந்த பிறகு எழுந்திருப்பதற்கு அம்மா பொங்கல் என்று பேர் வைத்திருந்தாள். "இன்னைக்கும் பொங்கல்டா" என்று நாச்சிமுத்துவை எழுப்பாமல் விடுவாள்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் இந்தக் கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. பூவுக்கு விலை எப்போது? ஊரில் கல்யாணம் நடக்கிறபோது. முகூர்த்த நாளில் ஒரு கை குறைந்தாலும் எங்களுக்குத் தாங்காது. அந்த நாளில் எங்கள் வீட்டிலேயே கல்யாணத்தை வைத்தால் ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் பூ அனுப்புவது? சரி, பூவுக்குக் கிராக்கி இல்லாத மாதத்தில் வைக்கலாமென்றால், ஆடியில் யார் பெண் எடுப்பார்கள்? புரட்டாசி ஆகாது. மார்கழி ஆகாது. ஆனியில் மூத்த பிள்ளைக்குச் செய்யக்கூடாது, நான் மூத்தவள். மற்ற வீடுகளில் எல்லாம் முகூர்த்தம் வரட்டும், முகூர்த்தம் வரட்டும் என்பார்கள். எங்கள் அப்பா, "முகூர்த்தம் முடியட்டும்" என்பார்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரிப்போம்.

யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் நாங்கள் போனதில்லை. பத்திரிகை வரும். பூ அனுப்புவோம். ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்து முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் மண்டபத்து ஆள் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொள்வார். பெரியம்மா மகள் கல்யாணம் நம்பியூரில் நடந்தது. அவளும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். நான் போகவில்லை. பிறகு ஆல்பம் கொண்டுவந்து காட்டினாள். சபையில் இருந்த பொம்பளைகள் தலையில் எல்லாம் எங்கள் பூதான். பார்த்தவுடன் தெரியும் எனக்கு, எங்கள் மொட்டுக்குக் காம்பு நீளம். "பாரு, நீ வரலீன்னு ஆரு சொன்னா?" என்றாள் அவள். நல்லபடியாகத்தான் சொன்னாள்.

ஆனாலும் அப்போது தையும் மாசியும் மிச்சம் இருந்தன. பூவும் இல்லை, ஆகாத மாதமும் இல்லை. கோபிப் பக்கம் ஒரு இடம் வந்தது. நெல் வயல்காரர்கள். அவரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். நெற்றியில் ஒரு தழும்பு இருந்தது. பேர் வேண்டாம், இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும். தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மகளுக்குக் குறைவில்லாமல் நகை போட வேண்டும், மல்லி மட்டும் போதாது என்று வடக்குப் பக்கம் சம்பங்கி போட்டார். எனக்காகத்தான் போட்டார். அதைச் சொல்ல வேண்டும்.

சம்பங்கிக்குக் காலம் கிடையாது. வருஷம் முழுவதும் வரும். தை வந்தது. தையில் ஊரெல்லாம் கல்யாணம். சம்பங்கி இல்லாமல் எந்த மாலையைக் கட்ட முடியும்? முதல் வருஷத்துச் சம்பங்கி, அத்தனை பூ. "ஒரே ஒரு தை, கண்ணு. இந்தச் சம்பங்கியை ஒரு கரை சேத்தீட்டா உன்ற கல்யாணத்தை நான் எப்படிச் செய்யறேன்னு பாரு" என்றார் அப்பா. எனக்கென்ன, சரி என்றேன். கோபிக்காரர்களும் சரி என்றார்கள். நல்ல மாதிரியான ஆட்கள். அடுத்த தைக்குள் பனிக்கால மாதங்களில் நிலம் சும்மா கிடக்கிறதே என்று காக்கடா வைத்துவிட்டார். காக்கடா பனியில்தான் பூக்கும். உங்களுக்குத் தெரிந்திருக்கும், மல்லி மாதிரியே இருக்கும், மல்லி கிடைக்காத மாதத்தில் அதைத்தான் வைத்துக்கொள்வீர்கள். அதையும் எனக்காகத்தான் வைத்தார் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

அதற்குப் பிறகு பூ இல்லாத மாதம் என்று ஒன்று இந்த வீட்டில் இல்லை.

காபி ஆறுகிறது, குடியுங்கள். சர்க்கரை போதுமா? நான் போடுகிற காபி யாரும் குடித்துப் பார்த்ததில்லை. அடுப்படி சாவித்திரியுடையது.

சாவித்திரி வந்தது எப்படி என்று கேட்க மாட்டீர்களா? எல்லோரும் கேட்பார்கள். அக்காவை வைத்துக்கொண்டு தம்பிக்கு எப்படிக் கல்யாணம் செய்தீர்கள் என்று. மகளைக் கட்டிக் கொடுத்தால் ஒரு கை குறையும். மருமகளைக் கொண்டுவந்தால் ஒரு கை கூடும். அவ்வளவுதான். அம்மாவுக்கு முட்டி போய்விட்டிருந்தது, குனிய முடியவில்லை. பண்ணாரி கோயிலில் விடிகிற நேரத்துக்குத் தாலி கட்டி, வெயில் ஏறுவதற்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் தோட்டத்தில் நின்றார்கள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாவித்திரி பறித்ததைப் பார்த்து, கூலிக்கு வருகிற ராசாத்தி, "இதென்னுங்க, பொண்ணைக் கூட்டியாந்தீங்களா, ஆளைக் கூட்டியாந்தீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு வாய் அதிகம். என்னையும் விடமாட்டாள். "ஊரு கழுத்துக்கெல்லாம் இங்கிருந்துதான் மாலை போகுது. உன்ற கழுத்துக்கு ஒண்ணு எடுத்து வெக்கக்கூடாதா பாவாக்கா?" என்பாள். நான் கண்டுகொள்ள மாட்டேன். அந்த மாதிரிப் பேச்சுக்குப் பதில் சொல்லப் போனால் வரிசை முடியாது.

கோபிக்காரர் பிறகு அந்தியூரில் பெண் எடுத்தார். முறையாகப் பத்திரிகை அனுப்பியிருந்தார்கள். நாங்களும் முறைப்படி பூ அனுப்பினோம். மற்ற பூவோடு சேர்க்காமல் நானே தனியாகப் பறித்தேன். பறித்த கூடையில் ஒரு மொட்டுகூட வாய் திறந்திருக்காது. எல்லாம் ஒரே அளவு. பூவைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை என்று கண்டக்டர் வந்து சொன்னார்.

எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதற்காகச் சொல்லவில்லை. இந்த வீட்டில் எனக்கு என்ன குறை? நான் சொன்னால்தான் தண்ணீர் விடுவார்கள், நான் சொன்னால்தான் கவாத்து வெட்டுவார்கள். அப்பா கடைசியில் படுத்திருந்தபோது, "பாவாளை நட்ட எடத்துலயே உட்டுட்டேன்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். காய்ச்சலில் மனுஷர் என்னென்னவோ சொல்வார்கள். பங்குனி மாதம். பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. நான் வந்து பார்த்தபோது முடிந்துவிட்டது. மாலைக்கு வெளியே போக வேண்டியிருக்கவில்லை.

கிருத்திகாவைச் சொல்ல வந்தேன். அவள் கை வேகம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. நான் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லக்கூடாது, பிறந்ததிலிருந்தே அப்படி. காலேஜ் போன வருஷங்களிலும் பறித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். இப்போது கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. மில் வேன் வந்து வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போகிறது. ராசாத்தியே மில்லுக்குப் போய்விட்டாள். ஆவணியில் ஓணம் வருகிறது, முகூர்த்தம் வருகிறது, விநாயகர் சதுர்த்தி வருகிறது. அந்த மாதம் கிருத்திகா போய்விட்டால் நாச்சிமுத்து என்ன செய்வான்? அவனுக்கும் மகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஒரு வருஷம் கிடைத்தால் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன் என்கிறான். கீழ்ப்பக்கம் செண்டுமல்லி போடப் போகிறானாம். அவள் கல்யாணத்துக்காகத்தான்.

நேற்று அவளிடமே கேட்டேன். "ஏம்மிணி, ஆவணியா, தையா?" என்றேன். "எனக்கென்னங்கத்தை. நீங்க எல்லாருஞ் சொல்றபடி" என்றாள். எவ்வளவு பக்குவம் பாருங்கள். என்னைப் போலவே. என்னிடம் கேட்டபோது நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

அவள் பையனோடு போனில் பேசுவாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உறுதி செய்த பிறகுதான். மோட்டார் ரூமுக்குள் நின்று பேசுவாள், சிக்னல் அங்கேதான் கிடைக்கிறதாம். ஒருநாள் என்னிடம் வந்து, "அத்தை, அங்க அவரு இருக்கற பக்கம் ஒரு பூச்செடிகூடக் கெடையாதாம். சுத்தியும் வெறும் கல்லு மலையாம்" என்றாள். பாவம், பிறந்ததிலிருந்து பூவுக்குள்ளேயே கிடந்த பெண். எப்படி இருக்கப் போகிறாளோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். "ஒண்ணுகூட இல்லையாமா அத்தை."

அதனால்தான் சொல்கிறேன், தை என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது.

என்ன கேட்கிறீர்கள்? தையில் பூ இருக்காதா என்றா?

இருக்கும். காக்கடா இருக்கும். சம்பங்கி எப்போதும் இருக்கும். பொங்கலுக்குச் செண்டுமல்லி வந்துவிடும், போட்டால்.

ஆமாம். அடுத்த ஆவணியிலும் இருக்கும்.

அதை நான் தம்பியிடம் கேட்கவில்லை. அவன் தை என்றான், நான் தை என்று சொன்னேன்.

நானா? நான் என்ன நினைக்கிறேன் என்றா? எனக்கு என்ன சம்பந்தியம்மா. ஆவணியில் மல்லி அவ்வளவு இருக்காது. முல்லைதான். முல்லைக்கு மொட்டு சிறிது, கை வலிக்கும். நான் நினைக்கிறதற்கு இதில் ஒன்றும் இல்லை. என்னிடம் இப்படிக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பெண்ணைக் கூப்பிடச் சொல்கிறீர்கள். அவள் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும், சரி.

கூப்பிடலாம். இந்த வேப்பமரத்தடியில் நின்று குரல் கொடுத்தால் கேட்கும். வர மாட்டாள். "இந்த வரிசையை முடிச்சுட்டு வந்தர்றேன் அத்தை" என்பாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். கோபிக்காரருடைய அம்மாவும் ஒருநாள் இப்படித்தான் தனியாக வந்தார். இரண்டாவது தையும் தள்ளிப்போன பிறகு. அப்பாவோடு பேசத் தனக்கு ஒன்றுமில்லை, பெண்ணைக் கூப்பிடுங்கள், வர்றேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே நாள் குறித்துவிடலாம் என்றாராம். அம்மா வரப்பில் நின்று என்னைக் கூப்பிட்டாள். இந்த வரிசை முடியட்டும் என்றேன். கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. முடித்துவிட்டேன். பக்கத்து வரிசையில் மொட்டு முற்றிக் கிடந்தது. வெயில் ஏறினால் விரிந்துபோகும், விரிந்த பூவை யார் வாங்குவார்கள்? அதையும் முடித்தேன். வீட்டுக்கு வந்தபோது அவர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

அதில் யார் மேலும் தப்பில்லை. பூ விரிந்துவிடும்.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

கூப்பிடாதீர்கள் சம்பந்தியம்மா. வரப்பில் நின்று கூப்பிட வேண்டாம். இப்படியே கிணற்றைச் சுற்றிக்கொண்டு நேராகப் போங்கள். மூன்று நான்கு பேர் குனிந்திருப்பார்கள், தலையில் ஊதாத் துண்டு கட்டியிருப்பவள் அவள். சாவித்திரி உங்களைப் பார்த்து வாங்க வாங்க என்பாள், பேச்சுக் கொடுக்க நிற்காதீர்கள். செருப்போடேயே உள்ளே போகலாம், ஈரம்தான், ஒன்றும் ஆகாது. தம்பி கேட்டால் உங்க அக்கா தை என்றுதான் கேட்டார் என்று சொல்லுங்கள். கேட்டேன் இல்லையா?

பக்கத்தில் போய், கையைப் பிடித்துவிடுங்கள். வலது கையை. அவள் பதறுவாள். மடியில் கட்டியிருக்கிற பூ எல்லாம் கொட்டும். கொட்டட்டும். நான் பின்னாலேயே வந்து பொறுக்கிக்கொள்கிறேன்.